தப்பான பக்கம் என்னுடையது

அவள் பொய் சொன்னாள். பள்ளிக்கூட விழா மேடையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, நம் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே சொன்னாள். நீங்களும் கை தட்டினீர்கள்.

நம்ம செட்டுப் பெண்களே, உங்களுக்கு மறந்திருக்கலாம். இப்போது நமக்கு இருப்பதெல்லாம் சர்க்கரையும் முட்டி வலியும் பேரப்பிள்ளைகளும்தான். எனக்கு மறக்கவில்லை. பம்புசெட் கடைக்காரர் மகள், இயற்பியல் பேராசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவள், அன்றைக்கு என்ன சொன்னாள்? "ஒன்பதாம் வகுப்பில் எங்கள் சயின்ஸ் டீச்சர் விஞ்ஞான வரலாற்றை வைத்துத்தான் பௌதிகம் சொல்லிக்கொடுப்பார். தோற்றுப்போன கொள்கைக்காக வாதாடுவது என் வேலை. கறுப்புக் குடைத்துணியைப் போர்த்திக்கொண்டு இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னாலேயே வாதாடினேன்" என்றாள்.

குடைத்துணி போர்த்தியவள் நான். அவள் போர்த்தியது சால்வை.

இதை நினைவு மலரில் போடச் சொல்லி எழுதுகிறேன். போடாவிட்டால் நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பேன்.

மறந்தவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காட்டில் இருந்தது. நம் பெண்கள் பள்ளிக்கு அந்த வருஷம் கடலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு டீச்சர் வந்தார். ஒல்லி, உயரம். சாக்பீஸ் பட்டுப் பட்டு வலதுகை விரல் எல்லாம் வெடித்திருக்கும். பாடப் புத்தகத்தைக் கையில் எடுக்கவே மாட்டார். "இதுக்கு முன்னாடி ஜனங்க என்ன நம்பிக்கிட்டு இருந்தாங்க? அதைச் சொல்லாம இதைச் சொன்னா உங்களுக்கு இது எதுக்குன்னே தெரியாது" என்பார். விஞ்ஞானிகளின் பெயரைக்கூடக் கடைசியில்தான் சொல்வார். "பேரைச் சொன்னா மனப்பாடம் பண்ணிடுவீங்க. முதல்ல ஆளைப் பிடிங்க."

அவர் முறை இதுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பக்கம். பழைய கொள்கைக்கு ஒருத்தி, புதுக் கொள்கைக்கு ஒருத்தி. எழுந்து நின்று சண்டை போட வேண்டும். "புஸ்தகத்துல இருக்கு" என்று சொன்னால் அவுட். சோதனை செய்து காட்டும்வரை இருவரும் தங்கள் பக்கத்தை விடக் கூடாது. சோதனையில் தோற்றவள், தான் சொன்னது எதனால் தப்பு என்று தன் வாயால் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் பாடம் முடிந்தது என்று அர்த்தம்.

புதுக் கொள்கைக்காரிக்கு டீச்சரின் அரக்குச் சால்வை. அதில் அந்துருண்டை வாசனை வரும். பழைய கொள்கைக்காரிக்குக் குடைத்துணி. அந்தக் காலத்துப் பண்டிதர்கள் கறுப்பு அங்கி போட்டிருந்தார்களாம், அதற்காக டீச்சர் தன் உடைந்த குடையிலிருந்து துணியை உருவி வைத்திருந்தார். கம்பி இருந்த இடத்திலெல்லாம் ஓட்டை. நடுவில் தலை நுழைகிற மாதிரி வெட்டியிருந்தார். மழையில் நனைந்து காய்ந்த நாற்றம் போகவே இல்லை.

சால்வை எப்போதும் அவளுக்கு. குடை எப்போதும் எனக்கு.

பூமி சுற்றுகிறது என்று அவள். சுற்றவில்லை என்று நான். "சுத்துச்சுன்னா நான் எம்பிக் குதிச்சா பெஞ்சு நகந்து போயிருக்கணுமே, ஏன் போகல?" என்று கேட்டு, பெஞ்சின் மேல் ஏறி நின்று குதித்தேன். அவள் புத்தகத்தைப் புரட்டினாள். எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் விழும் என்று அவள். கனமானதுதான் முதலில் விழும் என்று நான். கல்லையும் காகிதத்தையும் போட்டுக் காட்டி வகுப்பையே என் பக்கம் இழுத்தேன். டீச்சர் அந்தக் காகிதத்தை உருண்டையாகக் கசக்கி என் கையில் கொடுத்து, "இப்ப போடு" என்றார். போட்டேன். இரண்டும் சேர்ந்து விழுந்தன. தோற்றேன். ஏன் தப்பு என்று சொன்னேன். உட்கார்ந்தேன். ஜெயித்தவள் ஒரு வார்த்தை பேசாமலே ஜெயித்திருந்தாள்.

"ஏன்டி குடை, இன்னைக்கும் மழையா?" என்று கேலி செய்தது யார் யார் என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கிறீர்கள்.

எனக்குப் பொறாமை. மறைக்க ஒன்றுமில்லை. அவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கும்போது வருகிற சத்தத்தின் மேல் பொறாமை. டிபன் டப்பாவில் அவள் மீதம் வைக்கிற முட்டையின் மேல் பொறாமை. அவள் வீட்டுக் கடை கடைவீதியில் இருந்தது. உள்ளே ஆயில் இன்ஜின்கள் பச்சைப் பெயின்ட் அடித்து வரிசையாக நிற்கும். புது ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனை தெருவரைக்கும் வரும். அந்த இன்ஜின்களைத் தோளில் தூக்கிக் கிணற்றுக்குள் இறக்குகிற கூலி ஆட்களில் என் அப்பாவும் ஒருவர். கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் கருணாபுரத்திலிருந்து காலையில் போவார். அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சர்பத் குடிப்பாள், என் அப்பா வாசலில் நின்று வடக்கயிறு சுற்றுவார். இதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி அவளை நேசிப்பது?

எனக்குச் சால்வை கிடைக்காததற்குக் காரணம் கருணாபுரம்தான் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

மாசி மாதம் பம்பு பாடம் வந்தது. கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட ஜன்னலில் வெல்லம் காய்ச்சுகிற புகை வரும். கிணறுகளில் தண்ணீர் கீழே போகிற மாதம் அது. தண்ணீர் கீழே போகப் போக, மேலே வைத்த இன்ஜின் தண்ணீரை இழுக்காது. கிணற்றுக்குள் பாதியில் திட்டு கட்டி, இன்ஜினை அதில் இறக்கி வைப்பார்கள். நம் ஊரில் எல்லோரும் பார்த்ததுதான். ஏன் இழுக்காது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

டீச்சர் கேட்டார். இத்தாலி நாட்டில் இதே சங்கடம் வந்ததாம். பம்பு செய்கிறவர்கள், ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை என்று ஒரு பெரிய விஞ்ஞானியிடம் போனார்களாம். "அவர் என்ன சொல்லியிருப்பாரு? உங்க வீட்ல கேட்டுக்கிட்டு வாங்க."

நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இதுல இன்னா இருக்கு? தண்ணிக்கும் தம்முன்னு ஒண்ணு கீதுல்ல. ஏறிக்கினே இருந்தா மூச்சு வாங்கிடும். அதுக்கு மேல அது இன்னா பண்ணும், நின்னுக்கும்."

"அது தண்ணிதானப்பா. மூச்சா வுடுது?"

"நீ ஒரு நாளு கெணத்துக்குள்ள எறங்கி ஏறிப் பாரு. அப்பத் தெரியும் யாருக்கு மூச்சு வாங்குதுன்னு."

மறுநாள் வகுப்பில் சொன்னேன். டீச்சர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அந்த இத்தாலிக் கிழவர் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாரு! ரொம்ப நீளமான கயிறு தன் பாரத்துலயே அறுந்துடும்ல, அது மாதிரி தண்ணித் தூணும் அறுந்துடும்னாரு. உலகத்துலேயே பெரிய மூளை. உங்க அப்பாவும் அவரும் ஒரே கட்சி." பிறகு, "கிழவர் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கலை. அவரோட சீடரே வேற சொன்னாரு. பம்பு இழுக்கலை, வெளியில இருக்கிற காத்துதான் தண்ணியைக் கீழேயிருந்து மேலே தள்ளுதுன்னாரு. நாம காத்துக் கடலோட அடியில இருக்கோம்னாரு" என்றார்.

கட்சி பிரிந்தது. தம் கட்சி நான். காத்துக் கட்சி அவள். மறுபடியும் சால்வை.

டீச்சர் ஆய்வக அலமாரியிலிருந்து பாதரசப் புட்டியை எடுத்து வந்தார். அது விஷம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, டீச்சருக்கே தெரியவில்லை. உள்ளங்கையில் ஊற்றி உருட்டி விளையாடினோம். கனம் என்றால் அப்படிக் கனம், குளிர்ச்சி என்றால் அப்படிக் குளிர்ச்சி. அவள் ஆசையாகக் கையை நீட்டினாள். அவள் போட்டிருந்த தங்க மோதிரத்தில் ஒரு சொட்டுப் பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோதிரம் வெள்ளையாகிப்போனது. அவள் அழுத அழுகையைக் கேட்டு அடுத்த வகுப்பே எட்டிப் பார்த்தது. "பத்தர்கிட்ட குடுத்தா சுட்டு எடுத்துடுவாரு, அழாதம்மா" என்று டீச்சர் கெஞ்சினார். என் கையில் மோதிரம் இல்லை. அதனால் அன்றைக்குக் கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பியது முழுவதும் நான்தான். ஒன்பதாம் வகுப்பிலேயே நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போன நாள் அது.

குழாயைக் கவிழ்த்துக் கிண்ணத்தில் நிறுத்தினோம். பாதரசம் கொஞ்சம் இறங்கி நின்றது. மேலே வெறும் இடம்.

"பாத்தியா, காத்து தள்ளுது" என்றாள் அவள்.

"பாதரசத்தோட தம் அவ்ளோதான். நின்னுடுச்சு" என்றேன் நான். "காத்துக்கு அவ்ளோ கனம்னா என் தலையில ஏன் கனக்கல? ஒரு கொடம் தண்ணி தூக்குனாலே கழுத்து வலிக்குது."

"அது... எல்லாப் பக்கமும் சமமா அழுத்துது."

"உனக்கு யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல..."

"அவுட்டு! அவுட்டு!" என்று வகுப்பே கத்தியது.

டீச்சர் அடுத்த கதையைச் சொன்னார். பிரான்ஸ் தேசத்தில் ஒருவர். சீக்காளி, மலை ஏற முடியாது. அதனால் தன் மச்சானை மலை ஏறச் சொன்னார், இதே மாதிரி குழாயைத் தூக்கிக்கொண்டு. காத்துக் கடல் உண்மை என்றால், மலை உச்சியில் நமக்கு மேலே இருக்கிற காற்று கம்மி. பாதரசம் இன்னும் இறங்க வேண்டும். தம்தான் காரணம் என்றால், மலைக்கு மேலேயும் கீழேயும் ஒரே அளவுதான் நிற்கும்.

"நமக்கு மலை இருக்கு" என்றார் டீச்சர். ஜன்னலில் கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. தினமும் பார்த்த மலை. அதற்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவானது. இன்ஜின் ஏற்றிப் போகிற கடை லாரியைத் தர அவள் அப்பா ஒத்துக்கொண்டார். லாரி போகிற வரைக்கும் போய், அங்கிருந்து நடப்பது. உச்சியில் அளவு பார்ப்பது யார்? "தம் கட்சிக்காரிதான் பாக்கணும். எறங்கும்னு சொல்றவ பாத்தா அவளுக்கு வேண்டியதுதான் அவ கண்ணுக்குத் தெரியும்" என்றார் டீச்சர். நான்தான். சால்வை இல்லாவிட்டாலும் மலை எனக்கு.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார்.

இதையும் சொல்லிவிடுகிறேன், அந்த வருஷம் எனக்கு என்ன முக்கியம் என்று. பத்தாம் வகுப்புக்குப் போகும்போது காம்போசிட் கணக்கு, ஜெனரல் கணக்கு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். காம்போசிட் படித்தால்தான் காலேஜில் சயின்ஸ் குரூப். நம் பள்ளியில் அதற்கு ஒரு சின்ன அறை, அது கொள்கிற அளவுக்குத்தான் ஆள். ஹெட்மிஸ்ட்ரஸ் கைகாட்டுகிறவள் உள்ளே. அந்த வாரம் மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம் என்று பேச்சு. கணக்கில் நான் அவளைவிட மேல். இதை நீங்கள் யாரும் மறுக்க முடியாது.

இன்ஸ்பெக்ட்ரஸும் ஹெட்மிஸ்ட்ரஸும் உள்ளே வந்தபோது நான் குடைத்துணியில் நின்றுகொண்டிருந்தேன். வகுப்பு எனக்குக் கை தட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது கோலம்? எதுக்குக் கை தட்டல்?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைப் புடவை. டீச்சர் பேச வாயெடுத்தார். "நீங்க இருங்க. பொண்ணு சொல்லட்டும். பம்புல தண்ணி எப்படிம்மா ஏறுது?"

சோதனை முடிகிறவரைக்கும் பக்கத்தை விடக் கூடாது. அதுதான் நம் வகுப்பின் சட்டம்.

"தண்ணிக்குத் தம் இருக்குங்க மேடம். அது தீர்ற வரைக்கும் ஏறும்."

"வாட்? யார் சொல்லிக்கொடுத்தா?"

"எங்கப்பாங்க. இத்தாலியில ஒருத்தரும் சொல்லிக்கீறாருங்க."

யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் சிரிக்கவில்லை. "அது சரின்னு நினைக்கிறியா நீ?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதாங்க மேடம் சரி."

நான் திமிராகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அது திமிராகக் கேட்டது. டீச்சர் ஓடி வந்து, "மேடம், இது ஒரு வேஷம். பழைய கொள்கையைப் பேச வச்சு..." என்றார். "வகுப்பறையில வேஷமா?" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்ட்ரஸ் சால்வைக்காரி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா, பம்பு."

அவள் எழுந்தாள். வளிமண்டல அழுத்தம் என்று ஆரம்பித்து, புத்தகத்தில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள்.

"குட். இவ சொன்னது?"

"தப்புங்க மேடம்."

"உங்க டீச்சர் வேஷம்னு சொல்றாங்களே. நெஜமாவே வேஷம்தானாம்மா? இல்ல, இந்தப் பொண்ணுக்கு இதுதான் தெரியுமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். நான் பார்த்தேன். டீச்சர் பார்த்தார். அவள் சால்வையின் நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். வாயைத் திறக்கவில்லை. வெளியே கரும்பு வண்டி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் அவள் பேசவில்லை.

"சரி, உக்காரு" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

வகுப்பில் இருந்த நீங்கள் ஏன் பேசவில்லை என்று நான் கேட்கவில்லை. உங்களை யாரும் கேட்கவில்லை. அவளைக் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வரவில்லை. விடியலிலேயே எழுந்து தலை சீவிக்கொண்டு தெருமுனையில் நின்றேன். வெயில் ஏறிய பிறகு அப்பா வந்து, "வூட்டுக்கு வா. உங்க டீச்சருக்கு எதுவோ ஆர்டர் வந்துக்கீதாம், கடையில பேசிக்கினாங்க" என்றார். டீச்சரை மலைக்கு மாற்றிவிட்டார்கள். கல்வராயன் மலைக்குத்தான். அந்தக் காலத்தில் அது தண்டனை. ரோடு கிடையாது, விளக்குக் கிடையாது, குளிர் ஜுரம் வரும் என்பார்கள்.

கோடை விடுமுறைக்கு முன் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார். "பம்புல தண்ணி எப்படி ஏறுதுன்னே தெரியாத பொண்ணுக்குக் காம்போசிட் எதுக்கு? ஜெனரல் படி. தையல் நல்லா வரும் உனக்கு." கடைசியாக இருந்த இடம் பம்புசெட் கடைக்காரர் மகளுக்குப் போனது.

டீச்சரை அதற்கப்புறம் ஒரே தடவை பார்த்தேன். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருஷம், பஸ் ஸ்டாண்டில், கையில் கடுக்காய் மூட்டையோடு நின்றார். முடி பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"ஏன் டீச்சர் எப்பவும் அவளுக்கே சால்வை?"

அவர் ஆச்சரியப்பட்டார். "அவளுக்குப் பேச வராதே. சரியான பக்கத்துக்கு வாய் வேணாம், புஸ்தகமே பேசும். தப்பான பக்கத்துக்குத்தான் ஆள் வேணும். உன்னை விட்டா எனக்கு யார் இருந்தா?"

இதை அந்த வருஷமே சொல்லியிருந்தால் என்ன? ஒரு தடவை, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், நான் ஒரு வருஷம் முழுக்க வயிறு எரிந்திருக்க மாட்டேன். பெரியவர்கள் இப்படித்தான். நமக்குக் கொடுக்கிற மரியாதையை நமக்கே சொல்ல மாட்டார்கள்.

மலையில் இருந்த பிள்ளைகளோடு அந்தச் சோதனையைச் செய்துவிட்டதாகவும் சொன்னார். அடிவாரத்தில் குழாயில் ஒரு நூல் கட்டி, மேலே போய்ப் பார்த்தார்களாம். பாதரசம் நூலுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்ததாம். "ஒரு சின்னப் பொண்ணு 'எறங்கிடுச்சு, எறங்கிடுச்சு'ன்னு குதிச்சா. உன்னைத்தான் நெனச்சேன்" என்றார்.

நினைத்து என்ன செய்ய? குதித்தது நான் இல்லையே. முகம் தெரியாத அந்த மலைப் பிள்ளையின் மேல் எனக்கு இன்றும் பொறாமை. நான் சொன்னது தப்பு என்று என் கண்ணால் பார்த்து, என் வாயால் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. அது எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாடம் எனக்கு இன்னும் முடியவில்லை.

பிறகு ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். சமையல்கட்டுக்கு அந்தப் பக்கம் சயின்ஸ் வகுப்பு. "வளிமண்டல அழுத்தம் என்றால் என்ன? எழுதிக்கோங்க" என்று குரல் வரும். பிள்ளைகள் எழுதுவார்கள். ஏன், எதற்கு, யார் சண்டை போட்டார்கள், யார் தோற்றார்கள், ஒன்றும் கிடையாது. சாம்பார் கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அவள் காலேஜுக்குப் போனாள், பேராசிரியை ஆனாள். சரி. அதற்கு வயிறெரிந்தேன், விட்டுவிட்டேன். இப்போது காலம் மாறிவிட்டது. பழைய தப்புகளிலிருந்து பௌதிகம் சொல்லிக்கொடுப்பதுதான் நல்ல முறை என்று பெரிய பெரிய ஆட்களே பேசுகிறார்களாம். தப்பான பக்கத்தில் நின்றவளுக்கு இப்போது மதிப்பு. உடனே அதையும் எடுத்துக்கொண்டாள். சரியான பக்கம் அவளுக்கு, காம்போசிட் அவளுக்கு, நான் தோற்ற தோல்வியும் அவளுக்கே என்றால் எனக்கு என்னதான் மிச்சம்?

இனி உன்னிடம் நேராகவே பேசுகிறேன். எனக்குப் போன் செய்யாதே. வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வராதே. அடுத்த மாதம் நம் செட்டுக் கூட்டம் இருக்கிறது. நானும் வருவேன், முன் வரிசையில் உட்காருவேன். மைக்கைப் பிடி. "வேஷம்தானாம்மா?" என்று உன்னைக் கேட்டார்கள். "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை போதும், டீச்சர் மலைக்குப் போயிருக்க மாட்டார், நான் அடுப்படிக்குப் போயிருக்க மாட்டேன். உனக்குப் பதில் தெரியும். பேச வராதவள் என்று டீச்சர் நினைத்தார், நான் நினைக்கவில்லை. காம்போசிட் அறையில் கடைசியாக ஒரே ஓர் இடம் இருந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பயந்து வாயை மூடினாயா, கணக்குப் போட்டு மூடினாயா? எல்லோர் முன்னாலும் சொல்.